திருமலையிலிருந்து ரொறன்ரோ: வானில் எவ்வளவு தூரம், வாசலுக்கு வாசல் எவ்வளவு நேரம்?

ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளை கூப்பிட்டு, விசாவும் வந்து, திருகோணமலையில் உவர்மலையிலோ நிலாவெளியிலோ இருக்கும் அம்மா முதன்முறையாக வெளிக்கிடுகிறார் என்றால் வீட்டில் முதலில் எழுகிற கேள்வி, "எத்தனை மணித்தியாலம் போகும்?" என்பதுதான். டிக்கெட்டைப் பார்த்தவர் 13 என்பார். இணையத்தில் தேடியவர் 22 என்பார். போய்வந்த மாமா ஒருவர், "அதெல்லாம் இல்லை, ஒன்றரை நாள்" என்பார். மூவரும் சொல்வது சரிதான். ஆனால் மூவரும் பார்ப்பது வேறு வேறு கணக்கு.

அந்த மூன்று கணக்கையும் நீங்களே போடப் பழகிவிட்டால் விமான நிலையத்துக்கு வான் வண்டி பிடிப்பது முதல் ரொறன்ரோவில் யார் எத்தனை மணிக்கு வந்து நிற்பது வரை எல்லாவற்றையும் குழப்பமில்லாமல் ஒழுங்கு செய்யலாம். எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற இடம் என்பதால் ரொறன்ரோவை உதாரணமாக எடுத்திருக்கிறேன். லண்டனுக்கோ மெல்பேணுக்கோ போகிறவர்களுக்கும் முறை இதுவேதான்.

முதலில், எங்கிருந்து அளப்பது?

திருகோணமலையிலும் விமானத் தளம் இருக்கிறதே என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. சீனக்குடாவில் நல்ல ஓடுபாதையே இருக்கிறது. ஆனால் அது விமானப்படையின் தளம். உள்ளூருக்குள் பறக்கும் சிறிய விமானங்கள் வந்துபோகலாமே தவிர, வெளிநாட்டுக்குப் போகும் பயணிகள் விமானம் அங்கிருந்து கிடையாது. ஆகவே எந்த நாட்டுக்குப் போவதானாலும் வான்வழிக் கணக்கு தொடங்குவது கொழும்புக்குக் கிட்ட இருக்கும் கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தில்தான்.

சென்னைக்குப் போகிறவர்கள் மட்டும் யாழ்ப்பாணம் பலாலியையும் யோசிக்கலாம். வவுனியா வழியாக நாலரை, ஐந்து மணித்தியாலத்தில் பலாலிக்குப் போய்விடலாம். அங்கிருந்து சென்னைக்கு வானில் ஏறத்தாழ 360 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்கவிலிருந்து போனால் 650. பலாலிக்கு வருபவை சிறிய விமானங்கள் என்பதால், எத்தனை கிலோ சாமான் கொண்டுபோகலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமலையிலிருந்து கட்டுநாயக்க வானத்தால் அளந்தால் 210 கிலோமீற்றர் அளவில் வரும். தெருவால் போனால் ஏறத்தாழ 250. பெரிய தூரமில்லை என்று தோன்றும். முழுப் பயணத்திலும் நிச்சயமில்லாத பகுதி இதுதான் என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

தூரத்தை அளப்பது

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இலங்கையிலிருந்து கனடாவுக்கு அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்தால், அது அரபிக்கடல், ஆபிரிக்காவின் வடக்குப் பகுதி, அத்திலாந்திக் சமுத்திரம் என்று மேற்கு நோக்கிப் போகும். அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் 16,000 கிலோமீற்றர் தாண்டிவிடும். உண்மையான குறைந்த தூரம் அதைவிட 2,000 கிலோமீற்றர் குறைவு. பூமி உருண்டை, சுவர்ப்படம் தட்டை. வித்தியாசம் அதனால்தான் வருகிறது.

பிள்ளைகளின் மேசையில் பூகோள உருண்டை ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் ஒரு முனையைக் கொழும்பில் விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையை ரொறன்ரோவில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் மேற்கே போகாது. வடக்கே நழுவி இந்தியாவுக்கு மேலாக ஏறி, ஆப்கானிஸ்தான் பக்கமாகப் போய், ரஷ்யாவைக் கடந்து, பின்லாந்தின் வடகோடியைத் தொட்டு, கிறீன்லாந்தின் பனிக்கு மேலாக வளைந்து, கியூபெக் வழியாக ரொறன்ரோவுக்கு இறங்கும். இதுதான் மிகக் குறைந்த தூரம். விமானத்தில் முன்னால் இருக்கும் திரையில் பாதை வில்லாக வளைந்து தெரிவதைப் பார்த்து, "ஏன் சுற்றிக்கொண்டு போகிறான்?" என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றவில்லை. உருண்டைக்கு அதுதான் நேர்கோடு.

உருண்டையும் நூலும் இல்லாவிட்டாலும் மனக்கணக்காகவே போடலாம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். அதை 360 பாகையால் பிரித்தால் பாகைக்கு 111 கிலோமீற்றர் வரும். கட்டுநாயக்க கிழக்கு நெடுங்கோட்டில் ஏறத்தாழ 80 பாகையில் இருக்கிறது, ரொறன்ரோவோ மேற்கு நெடுங்கோட்டில் அதே 80 பாகையில். அதாவது ஏறக்குறைய உலகத்தின் அந்தப் பக்கம். அப்படியென்றால் வடதுருவத்தின் மேலால் போவதாகவே வைத்துக்கொள்வோம். கட்டுநாயக்க இருப்பது வட அகலாங்கு 7 பாகை. அங்கிருந்து துருவத்துக்கு 83 பாகை ஏற வேண்டும். ரொறன்ரோ இருப்பது 44 பாகை. துருவத்திலிருந்து அதற்கு 46 பாகை இறங்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 129. அதை 111ஆல் பெருக்கினால் 14,300 கிலோமீற்றர் சொச்சம். துருவத்தைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிப் போகும் உண்மையான குறைந்த தூரம் 14,000. காகிதமும் பென்சிலும் மட்டும் வைத்துப் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை.

இணைய வரைபடங்களில் "தூரத்தை அள" என்ற வசதியை அழுத்தி இரண்டு நகரங்களையும் தொட்டாலும் இந்த 14,000தான் வரும். ஆனால் அதை அப்படியே நேரமாக மாற்றக் கூடாது. இலங்கையிலிருந்து வட அமெரிக்காவின் எந்த நகரத்துக்கும் நேரடி விமானம் இல்லை. விமானத்தால் முடியாமல் இல்லை. சிங்கப்பூர் விமானம் 15,300 கிலோமீற்றர் தாண்டி நியூயோர்க்குக்கு ஒரே மூச்சில் போகிறது. கொழும்பிலிருந்து அப்படி நாள்தோறும் நிரப்பும் அளவுக்கு ஆட்கள் இல்லை, அவ்வளவுதான். ஆகவே நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும்.

எந்த ஊரால் போவது?

டுபாய் வழியாக என்றால் கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் 3,290 கிலோமீற்றர், டுபாயிலிருந்து ரொறன்ரோ 11,080. மொத்தம் 14,370. லண்டன் வழியாக என்றால் 8,710உம் 5,700உம், மொத்தம் 14,410. நேர்கோட்டைவிட நானூறு கிலோமீற்றர்தான் கூட. விமானத்துக்கு அது அரை மணித்தியால ஓட்டம். எனவே "டுபாயால் போனால் சுற்று" என்றோ "லண்டனால் போனால் கிட்ட" என்றோ யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தூரத்தை மட்டும் பார்த்தால் மிகவும் கிட்டியது டெல்லி. கொழும்பிலிருந்து டெல்லி 2,400, டெல்லியிலிருந்து ரொறன்ரோ 11,640. கூட்டினால் 14,040. நூல் பிடித்த பாதையோடு ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கால் சுற்ற வேண்டி வந்தது. 2022 பெப்ரவரியிலிருந்து கனடா, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்யாவின் வானமும் மூடிக் கிடக்கிறது. வரைபடத்தில் மிகக் குட்டையான வழி, வானத்தில் மிக விரைவான வழியாக இருக்க வேண்டியதில்லை. டிக்கெட் எடுக்கும்போது கிலோமீற்றரைப் பார்க்காமல் மொத்த நேரத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. லண்டன் விமான நிலையத்தில் வெறுமனே மாறிப் போவதற்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இடைமாறும் விசா தேவைப்படலாம். கனடா விசா கையில் இருந்தால் விலக்குக் கிடைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. காசு கட்ட முதல் உங்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் சொல்லி உறுதிப்படுத்துங்கள். முதன்முறை தனியே போகிற அம்மாவுக்கு நான் வளைகுடா வழியைத்தான் சொல்வேன். இந்தச் சிக்கல் அங்கே குறைவு, தமிழ் பேசும் ஆட்களும் எங்கேயாவது கண்ணில் படுவார்கள்.

கிலோமீற்றரை மணித்தியாலம் ஆக்குவது

பெரிய ஜெற் விமானங்கள் மேலே ஏறிய பிறகு மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் ஓடும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். ஆகவே தூரத்தை 850ஆல் பிரித்து அரை மணித்தியாலம் கூட்டுங்கள்.

டுபாய்: 3,290ஐ 850ஆல் பிரித்தால் 3.9. அரையைக் கூட்டினால் நாலரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அட்டவணையிலும் நாலரை அளவில்தான் இருக்கும். டுபாயிலிருந்து ரொறன்ரோ: 11,080ஐப் பிரித்தால் 13, அரையோடு பதின்மூன்றரை. அட்டவணையில் 14 போட்டிருப்பார்கள். அந்த மேலதிக அரை மணித்தியாலம் காற்றினால் வருகிறது. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்றோட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், குளிர்காலத்தில் அது இன்னும் உரம். ரொறன்ரோவுக்குப் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. அதனால் திரும்பி வரும்போது அதே வழி பன்னிரண்டரை, பதின்மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

பதினான்கு மணித்தியாலம் ஒரே இருக்கையிலா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1943 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், காலிக்குக் கிட்ட இருக்கிற கொக்கல வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த்துக்குக் கற்றலினா என்ற கடல்விமானங்கள் நில்லாமல் பறந்தன. தூரம் 5,600 கிலோமீற்றர் சொச்சம்தான். நேரம் 27 முதல் 33 மணித்தியாலம்! ஒரே பறப்பில் பயணிகள் இரண்டு தடவை சூரிய உதயத்தைப் பார்த்தார்கள். இப்போது அந்த நேரத்துக்குள் கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கே போய்ச் சேர்ந்து குளித்துச் சாப்பிட்டு விடலாம்.

டிக்கெட்டை வாசிப்பது

பெரும்பாலானவர்கள் இடறி விழுவது இந்த இடத்தில்தான். ஆகவே ஆறுதலாகப் பார்ப்போம். டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் மணிக்கூட்டு நேரம். புறப்படும் நேரம் இலங்கை மணி, டுபாயில் இறங்கும் நேரம் டுபாய் மணி, ரொறன்ரோவில் இறங்கும் நேரம் ரொறன்ரோ மணி. ஒன்றை ஒன்றிலிருந்து நேரடியாகக் கழித்தால் பிழைதான் வரும்.

உதாரணத்துக்கு ஜூலை மாதத்து டிக்கெட் ஒன்று இப்படி இருக்கிறது என்று வைப்போம். கட்டுநாயக்கவில் இரவு 8.30க்கு ஏறுகிறார். டுபாயில் இரவு 11.30க்கு இறங்குகிறார். பார்த்தால் மூன்று மணித்தியாலம். டுபாய் மணிக்கூடு எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது, ஆகவே பறந்தது நாலரை. டுபாயில் நாலு மணித்தியாலம் காத்திருப்பு. அதிகாலை 3.30க்கு அடுத்த விமானம். ரொறன்ரோவில் காலை 9.30க்கு இறங்குகிறார். பார்த்தால் ஆறு மணித்தியாலம்! கோடையில் ரொறன்ரோ டுபாயைவிட எட்டு மணித்தியாலம் பிந்தியது. ஆறும் எட்டும் பதினான்கு.

முழுவதையும் ஒரேயடியாகப் பார்த்தால், இரவு 8.30க்கு ஏறி மறுநாள் காலை 9.30க்கு இறங்குவது டிக்கெட்டில் 13 மணித்தியாலம். கோடையில் எங்களுக்கும் ரொறன்ரோவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதரை. இரண்டையும் கூட்டினால் 22 மணித்தியாலம் 30 நிமிடம். நாலரையும் நாலும் பதினான்கும் சேர்த்தாலும் அதே இருபத்திரண்டரை. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நீங்கள் போட்ட கணக்குச் சரி.

கோடை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கவனியுங்கள். மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். நவம்பர் முதலாவது ஞாயிறு திரும்பவும் பின்னுக்கு இழுப்பார்கள். ஆகவே கோடையில் வித்தியாசம் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. இலங்கையில் இப்படி வருடாவருடம் மாற்றுவதில்லை. 1996இல் ஒருமுறை மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்துக் கணக்கை இன்னும் மனதில் வைத்திருக்கும் பெரியவர்கள் சொல்லும் வித்தியாசம் அரை மணித்தியாலம் பிசகும். நம்ப வேண்டாம்.

அடுத்தது திகதி. இதில் பிழைத்தால் விமானமே போய்விடும். டிக்கெட்டில் "14ஆம் திகதி, 02.55" என்று இருந்தால் அது 14ஆம் திகதி அதிகாலை. 13ஆம் திகதி இரவே கட்டுநாயக்கவில் நிற்க வேண்டும். 13ஆம் திகதி மதியம் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும். "14ஆம் திகதிதானே பயணம்" என்று 14 காலையில் பெட்டி கட்டுகிற வீடுகள் இருக்கின்றன. வான்காரருக்குச் சொல்லும்போது திகதியை மட்டும் சொல்லாமல், "வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி, வியாழன் மத்தியானம் வாருங்கள்" என்று கிழமையோடு சேர்த்துச் சொல்லுங்கள். திகதியில் மயங்குகிறவர்கள் கிழமையில் மயங்குவது குறைவு.

ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கட்டுநாயக்கவில் போட்ட பெட்டி நேரே ரொறன்ரோவில் வரும், முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினாலும் அவர்களே வேறு விமானத்தில் ஏற்றுவார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் இந்த இரண்டும் இல்லாமல் போகலாம். நடுவில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போடுவதற்கு அந்த நாட்டு விசாவும் கேட்கக்கூடும். முதல் பயணத்துக்கு அந்த மலிவு வேண்டாம். காத்திருக்கும் நேரம் மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் இருந்தால் நல்லது. ஒன்றரை மணித்தியாலத்தில் மாறுவது பழகினவர்களுக்குச் சரி. சக்கர நாற்காலியில் கொண்டுபோகப்படும் பெரியவருக்கு அது போதாது.

சக்கர நாற்காலி என்றதும் வெட்கப்பட வேண்டாம். நடக்க முடிந்தவர்கள்கூட, முழங்கால் நோவும் பாஷைப் பயமும் இருந்தால் கேட்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி வைத்தால் விமான வாசலிலிருந்து அடுத்த விமான வாசல் வரை ஒருவர் தள்ளிக்கொண்டு போவார். பெரிய விமான நிலையங்களில் வாசலைத் தேடி அலைவதே பாதிப் பயணம். அது மிச்சம்.

திருமலையிலிருந்து கட்டுநாயக்க

14,000 கிலோமீற்றர் வான்வழியின் நேரத்தை நிமிடக் கணக்கில் அச்சடித்துத் தருகிறார்கள். 250 கிலோமீற்றர் தெருவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சாதாரண நாளில் வான் வண்டியில் ஐந்தரை, ஆறு மணித்தியாலம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போய், அங்கிருந்து மினுவாங்கொடைப் பக்கமாகக் கட்டுநாயக்கவுக்கு இறங்குவது வழக்கமான பாதை. குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022 ஜனவரியில் அதிவேகப் பாதை திறந்திருக்கிறார்கள். அதில் ஏறினால் நேரம் கொஞ்சம் மிச்சம்.

நேரத்தைத் தின்பது எது? தம்புள்ளையில் மரக்கறிச் சந்தை லொறிகள். குருநாகல் நகரத்துக்குள் பின்னேர நெரிசல். எல்லாவற்றுக்கும் மேலாக, கந்தளாயைத் தாண்டி ஹபரணை வரையுள்ள காட்டுத்துண்டு. பொழுதுபட்டால் யானைகள் தெருவுக்கு வரும். லைற் வெளிச்சத்தில் கறுப்பு யானை கடைசி நேரத்தில்தான் தெரியும். முன்னால் வாகனங்கள் வரிசையாக நின்றால், நீங்களும் அணைத்து நிறுத்திவிட்டுப் பொறுத்திருக்க வேண்டியதுதான். ஹோர்ன் அடிக்கக் கூடாது, விலத்திப் போகவும் கூடாது. ஆகவே நான் சொல்வது, விமானம் எத்தனை மணிக்கானாலும் ஹபரணையைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள். அதிகாலை விமானம் என்றால் மதியமே வெளிக்கிட்டு, நீர்கொழும்பிலோ சீதுவையிலோ ஒரு அறை எடுத்துக் கால் நீட்டிப் படுத்துவிட்டுப் போகலாம். வழியனுப்ப வரும் சொந்தக்காரர் கூட்டத்துக்கும் அது வசதி.

பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். விமானம் இரவு 8.30. மூன்று மணித்தியாலம் முன்னதாக, அதாவது மாலை 5.30க்கு நிலையத்தில் நிற்க வேண்டும். ஆறு மணித்தியாலம் ஓட்டம் என்றால் காலை 11.30. சாப்பாட்டுக்கும் நெரிசலுக்கும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கினால் காலை 10 மணிக்கு வீட்டுப் படியிறங்க வேண்டும். கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வெளிக்கிட வேண்டும் என்பவர்கள் அதை 10 மணிக்கு முன்னரே முடித்துக்கொள்ளுங்கள். "ஐந்து நிமிடம்" என்று ஏறிப் போகும் கோணமலை ஐந்து நிமிடத்தில் இறங்க விடாது.

இரவு ரயில் சிலருக்குப் பொருந்தும். கல் ஓயாவில் மட்டக்களப்புப் பாதையோடும் மாஹோவில் வடக்குப் பாதையோடும் சேர்ந்து, விடிய முதல் கொழும்புப் பக்கம் கொண்டுபோய்விடும். அடுத்த நாள் மதியமோ பின்னேரமோ விமானம் என்றால் செலவு குறைவு, யானைப் பயமும் உங்களுக்கு இல்லை, ரயில் ஓட்டுநருக்குத்தான். கொழும்புக் கோட்டை நிலையம் வரை போகத் தேவையில்லை. ரயில் நிற்கும் இடங்களைப் பார்த்துக் கம்பஹாவிலோ ராகமையிலோ இறங்கினால் கட்டுநாயக்க கிட்ட. ஆனால் இருபத்திமூன்று கிலோப் பெட்டி இரண்டை இருட்டில் ரயிலிலிருந்து இறக்க ஒரு இளந்தாரி கூட வர வேண்டும். காலை விமானத்துக்கு ரயிலை நம்ப வேண்டாம். கல் ஓயாக் காட்டுக்குள் ஒரு தாமதம் வந்தால் அதை ஈடுசெய்ய வழியில்லை.

அந்தப் பக்கம்

ரொறன்ரோவில் 9.30க்கு விமானம் இறங்கியது என்றால் அம்மா 9.30க்கு வெளியே வரமாட்டார். குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடியச் சாதாரணமாக ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். நிரந்தர வதிவிடமாகப் போகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் இன்னும் கூடலாம். தங்கப்போகும் வீட்டு விலாசமும் பிள்ளையின் தொலைபேசி எண்ணும் ஒரு காகிதத்தில் எழுதிக் கைப்பைக்குள் இருக்கட்டும். போனில் இருக்கிறது என்றால், பதினெட்டரை மணித்தியாலப் பறப்பு முடிய அந்தப் போனில் சார்ஜ் இருக்காது. அங்கிருந்து ஸ்காபரோவுக்கு முக்கால் மணித்தியாலம், நெரிசலானால் ஒன்றேகால். மதியம் 12.30க்கு வீட்டு வாசல் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த நேரம் திருமலையில் இரவு 10 மணி. முதல்நாள் காலை 10க்கு வெளிக்கிட்டவர். முழுதாக 36 மணித்தியாலம். மாமா சொன்ன ஒன்றரை நாள் இதுதான்.

இந்த 36 மணித்தியாலத்துக்குக் குளிசைக் கணக்கும் போட வேண்டும். பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளை "காலை, இரவு" என்று போடுகிறவர்களுக்கு நடுவானில் எது காலை, எது இரவு என்று தெரியாது. எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, எந்தச் சாப்பாட்டோடு என்று டொக்டரிடம் கேட்டு, ரொறன்ரோ போய்ச் சேரும்வரை இலங்கை மணியிலேயே ஒரு சிறிய அட்டவணை எழுதுங்கள். அதற்காக ஒரு பழைய கைக்கடிகாரத்தை இலங்கை நேரத்திலேயே விட்டுக் கட்டிவிடலாம். போன் ஒவ்வொரு ஊரிலும் தானாக மணியை மாற்றிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாற்றாது. இன்சுலின் பாவிப்பவர்கள் கட்டாயம் டொக்டரைக் கேட்ட பிறகே வெளிக்கிட வேண்டும். மருந்து முழுவதும் கைப்பையில், மருந்துச் சீட்டோடு.

திரும்பி வரும்போது

கூட்டிய வித்தியாசத்தைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். ரொறன்ரோவில் வெள்ளி மதியம் 2 மணிக்கு ஏறி, சனி இரவு 8.45க்குக் கட்டுநாயக்கவில் இறங்குவதாக டிக்கெட் சொன்னால் பார்வைக்கு 30 மணித்தியாலம் 45 நிமிடம். கோடை வித்தியாசம் ஒன்பதரையைக் கழித்தால் உண்மையான நேரம் 21 மணித்தியாலம் 15 நிமிடம். இரவு 8.45க்கு இறங்குகிறவர் வெளியே வர 10 மணியாகும். நித்திரையில்லாமல் வந்தவரையும், பகல் முழுக்கக் காத்திருந்த சாரதியையும் அந்த நேரத்தில் ஹபரணைக் காட்டுக்கு அனுப்பாதீர்கள். நீர்கொழும்பில் தங்கி விடியற்காலை வெளிக்கிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு.

வேறு ஊர்களுக்கு

லண்டனுக்கு 8,710 கிலோமீற்றர், நேரடி விமானத்தில் 11 மணித்தியாலம் அளவு, வித்தியாசம் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. பாரிசுக்கு 8,480, அங்கே வித்தியாசம் லண்டனைவிட ஒரு மணித்தியாலம் குறைவு. சிங்கப்பூர் 2,730, நாலு மணித்தியாலத்துக்குள். மெல்பேண் 8,360, நேரடியாகப் போனால் பத்தரை மணித்தியாலம். அது கிழக்கே இருப்பதால் எல்லாம் தலைகீழ். அங்கே மணிக்கூடு எங்களுக்கு முன்னால் ஓடுகிறது, ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை நாலரை, மற்ற மாதங்களில் ஐந்தரை. போகும்போது டிக்கெட் காட்டும் நேரத்திலிருந்து கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். அவர்களுடைய கோடை எங்களுடைய மாரி என்பதால், டிசம்பரில் போகிறவர் கம்பளிச் சட்டையைத் திருமலையிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.